ஓய்வூதியம் யாருடைய பொறுப்பு?
அரசு நடத்தும் விவாதமும் நம் வீட்டு முதுமையும்



சென்ற மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். மூவரின் மனுவும் வேறு வேறு. ஆனால் விஷயம் ஒன்றுதான்.

முதலில் வந்தவர் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர். ஓய்வின்போது கைக்கு வந்த மொத்தத் தொகை மகளின் திருமணத்திலும் வீட்டுக் கடனிலும் கரைந்துவிட்டது. மாத ஓய்வூதியம் என்று எதுவும் வரவில்லை. மருந்துச் செலவுக்கு உதவி கேட்க வந்திருந்தார். "டீச்சர், நீங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று இன்றும் வருந்துகிறோம்.

இரண்டாவது, மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, பணியில் இருக்கும்போதே மவுத்தாகிப்போன ஒரு சகோதரரின் மனைவி. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஸகாத் நிதியில் உதவி கேட்டார். கணவரின் பி.எஃப். தொகையை வாங்கிவிட்டதாகச் சொன்னார். விதவை ஓய்வூதியம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆறு வருடமாக யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது, நம் பள்ளிவாசல் மோதினார். 24 ஆண்டுகளாக பஜ்ருக்கு பாங்கு சொன்னவர். முழங்கால் வலியால் இனி முடியவில்லை என்கிறார். அவருக்கு நாம் என்ன கொடுத்து அனுப்பப்போகிறோம் என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் நடக்கும் "பழைய ஓய்வூதியமா, புதிய ஓய்வூதியமா" என்ற விவாதம் அரசு ஊழியர்களுக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது அப்படி அல்ல. முதுமையில் சோறு போடும் பொறுப்பு அரசுக்கா, முதலாளிக்கா, சந்தைக்கா, பிள்ளைகளுக்கா என்பதுதான் அதன் அடியில் இருக்கும் கேள்வி. அதை இந்த இதழில் விளக்க முயல்கிறோம்.

பழைய முறை எப்படி இருந்தது?

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் தம் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்துக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, ஆயுள் உள்ளவரை மாதாமாதம் வரும். விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் ஏறும். அவர் காலமான பிறகு மனைவிக்கு அல்லது கணவருக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். இதற்கான பணம் அந்தந்த ஆண்டின் அரசு வரவிலிருந்தே போகும். தனியாக ஒரு நிதி கிடையாது.

இதை அரசின் கருணை என்று பார்க்கக் கூடாது, செய்த வேலைக்கு உரிய உரிமை என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மாற்றம் ஏன் வந்தது?

மக்களின் ஆயுள் கூடியது. 58 வயதில் ஓய்வு பெற்றவர் 80 வயது வரை வாழ்கிறார். ஓய்வூதியச் செலவு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. "மக்கள்தொகையில் சிறு பகுதியாக இருக்கும் அரசு ஊழியர்களுக்கு வரவில் இவ்வளவு பெரிய பங்கு போனால் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் என்ன மிஞ்சும்?" என்று நிதித்துறையினர் கேட்டார்கள். அது ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி அல்ல.

அதற்கு அவர்கள் கண்ட வழி, ஊழியரும் அரசும் மாதாமாதம் பணம் போட்டு, அதை முதலீடு செய்து, ஓய்வின்போது சேர்ந்திருப்பதை ஊழியரிடம் கொடுப்பது. மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு இந்த தேசிய ஓய்வூதியத் திட்டத்தை, அதாவது என்.பி.எஸ். முறையைக் கொண்டுவந்தது. முப்படையினருக்கு மட்டும் விலக்கு. கல்பாக்கம் நகரியத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு பேரில், 2003-இல் சேர்ந்தவருக்கு ஒரு முதுமை, 2004-இல் சேர்ந்தவருக்கு இன்னொரு முதுமை என்று ஆனது இப்படித்தான்.

தமிழ்நாடு அதற்கும் முந்திக்கொண்டது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சுருக்கமாக சி.பி.எஸ்., வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஓய்வூதியம் உள்ளிட்ட சலுகைகள் பறிக்கப்பட்டதை எதிர்த்து ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே வீச்சில் சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சி.பி.எஸ். முறையில் ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம் போட்டார்கள். ஆனால் தமிழ்நாடு மத்திய ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் அந்தப் பணத்தை ஒப்படைக்கவில்லை. அதே சமயம் ஓய்வு பெற்றவருக்கு மாத ஓய்வூதியம் வழங்கவும் ஏற்பாடு செய்யவில்லை. சேர்ந்த தொகையை வட்டியோடு மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பியது. டீச்சரின் கதை இதுதான்.

கணக்காகப் பார்ப்போம்

ஒரு உதாரணம். ஒருவரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் அவருக்கு மாதம் 20,000 ரூபாயும் அதன் மேல் அகவிலைப்படியும் வரும்.

அவரே புதிய முறையில் 12 லட்சம் ரூபாயோடு வீட்டுக்குப் போகிறார் என்போம். ஒரு ரூபாயைக்கூடத் தொடாமல் ஆண்டுக்கு 7 சதவீத வருமானம் தரும் இடத்தில் போட்டால் மாதம் 7,000 ரூபாய் வரும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், சுமார் 12 ஆண்டுகளில் எல்லா விலையும் இரட்டிப்பாகும். அப்போதும் அவருக்கு வருவது அதே 7,000-தான். அதன் மதிப்பு இன்றைய 3,500. இதுவும் அவர் அந்த 12 லட்சத்தைத் தொடாமல் இருந்தால்தான். குமர் வீட்டில் இருக்கும்போது, கூரை ஒழுகும்போது, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது யார் தொடாமல் இருப்பார்கள்?

என்.பி.எஸ். முறையில் அரசு ஊழியர் குறைந்தது 40 சதவீதத் தொகையைக் கொண்டு காப்பீட்டு நிறுவனத்திடம் மாத வருமானத் திட்டம் வாங்க வேண்டும். எனவே ஏதோ ஒரு மாத வருமானம் உறுதி. ஆனால் எவ்வளவு என்பது சந்தையின் கையில். பொதுவாக அது விலைவாசியோடு ஏறுவதில்லை.

ஆக, மாற்றத்தின் சாரம் ஒன்றே. பழைய முறையில் நீண்ட ஆயுள், விலைவாசி, சந்தை வீழ்ச்சி ஆகிய மூன்று ஆபத்துகளையும் அரசு சுமந்தது. புதிய முறையில் அவற்றை ஓய்வு பெற்றவர் தனியாகச் சுமக்கிறார்.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

ஓய்வூதியத்தை முழுவதுமாகத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்த முன்னோடி, தென் அமெரிக்காவின் சிலி நாடு. 1981-இல் ராணுவ ஆட்சியில் இது நடந்தது. தொழிலாளி தம் சம்பளத்தில் 10 சதவீதம் கட்ட வேண்டும்; முதலாளி கட்ட வேண்டியதில்லை. உலகம் முழுவதும் இதைப் பாராட்டினார்கள், பல நாடுகள் பின்பற்றின. அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த ராணுவம் தன் வீரர்களை மட்டும் பழைய முறையிலேயே வைத்துக்கொண்டது. அந்தச் செய்தி பலருக்குத் தெரியாது. முதல் தலைமுறை ஓய்வு பெறத் தொடங்கியபோது தொகை போதவில்லை. 2016-இல் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 2008-இல் ஏழைகளுக்கு அரசு ஓய்வூதியத்தையும், 2025-இல் முதலாளியின் பங்களிப்பையும் சேர்த்துச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

அப்படியானால் அரசின் கையில் இருந்தால் பத்திரமா? அருகில் இருக்கும் இலங்கையைப் பார்க்க வேண்டும். அங்கே தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதி மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. பெரும்பகுதி அரசுப் பத்திரங்களில் போடப்பட்டது. 2022-இல் பொருளாதாரம் சரிந்து விலைவாசி உயர்வு 70 சதவீதத்தை நெருங்கியது. சேமிப்பின் மதிப்பு கண்ணெதிரே கரைந்தது. 2023-இல் உள்நாட்டுக் கடன் சீரமைப்பு என்று சொல்லி, அந்த நிதி வைத்திருந்த பத்திரங்களைக் குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றினார்கள்.

தனியார் என்றால் கெடுதி, அரசு என்றால் நன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. வாக்குறுதி கொடுப்பவர் யார்? அது தவறினால் இழப்பு யாருக்கு? விலைவாசி ஏறினால் தொகையும் ஏறுமா?

இப்போது எங்கே நிற்கிறோம்?

2022, 2023 ஆண்டுகளில் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. ஆனால் ஏற்கெனவே என்.பி.எஸ். கணக்கில் போட்ட பணத்தை மாநிலத்துக்குத் திருப்பித் தரச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. அந்த வகையில் தமிழ்நாடு பணத்தைத் தன்னிடமே வைத்திருந்தது, தெரிந்தோ தெரியாமலோ ஒரு நன்மையாக முடிந்தது.

மத்திய அரசு நடுவழி ஒன்றைக் கண்டது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி. 10 ஆண்டு பணி இருந்தால் குறைந்தது மாதம் 10,000 ரூபாய். ஊழியரின் 10 சதவீதப் பங்களிப்பு தொடரும், அரசு 18.5 சதவீதம் போடும்.

தமிழ்நாட்டில் 2021 தேர்தலில் பழைய திட்டம் திரும்ப வரும் என்று வாக்குறுதி தரப்பட்டது. 2025-இல் ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2026 ஜனவரியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஊழியர் 10 சதவீதம் கட்டுவார். கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் உறுதி. அகவிலைப்படி உயர்வு உண்டு. குடும்பத்துக்கு 60 சதவீதம். ஓய்வூதியம் இல்லாமலே சி.பி.எஸ். முறையில் ஓய்வு பெற்றவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம் என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது. டீச்சரிடம் இதைச் சொல்லி, பணிப்பதிவேட்டு நகலையும் சி.பி.எஸ். கணக்குச் சீட்டுகளையும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். அவரைப் போன்றவர்கள் நம் ஊர்களில் வேறு யார் இருந்தாலும் அதையே செய்யுங்கள்.

இந்த விவாதத்துக்கு வெளியே நிற்பவர்கள்

இதுவரை சொன்னது அரசு ஊழியர் கதை. கோவளத்தில் வலை இழுப்பவருக்கும், மாமல்லபுரத்தில் உளி பிடிப்பவருக்கும், கடற்கரைக் கோயில் சாலையில் சங்கு மாலை விற்பவருக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் அறை துடைக்கும் நம் சகோதரிகளுக்கும் பழைய திட்டமும் இல்லை, புதிய திட்டமும் இல்லை. 50 வயதில் கல் தூசி நெஞ்சை அடைத்து, கை நடுங்கத் தொடங்கும் சிற்பிக்கு ஓய்வு வயது 60 என்று சொல்வதிலும் பொருள் இல்லை. இவர்களுக்கு உள்ளவை கீழே.

ஒன்று, முதியோர் உதவித்தொகை. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 60 வயதான ஆதரவற்ற முதியவர்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முடிவு செய்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை வெறும் 200 ரூபாய். பல ஆண்டுகளாக அது நகரவே இல்லை. அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்காகப் பேசும் தலைவர்கள் இந்த 200 ரூபாயைப் பற்றியும் பேச வேண்டும்.

இரண்டு, தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம். இது பி.எஃப். கணக்கோடு சேர்ந்தே வருவது. முதலாளி போடும் பங்கில் 8.33 சதவீதம் இதற்குப் போகும். கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் ஓய்வூதியம் கிடைக்கும். 15,000 ரூபாய்க்கு 14 ஆண்டுகள் என்றால் மாதம் 3,000. குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாய்.

இதில் நம் இளைஞர்கள் செய்யும் பெரிய தவறு, கம்பெனி மாறும்போதெல்லாம் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுவது. 10 ஆண்டு பணி சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் போய்விடும். பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள்; எடுக்காதீர்கள்.

இன்னொன்று. பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால், ஒரு மாதப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தாலே மனைவிக்கு விதவை ஓய்வூதியமும் இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனித் தொகையும் உண்டு. பத்தாண்டு நிபந்தனை இதற்குக் கிடையாது. மறைமலைநகர்ச் சகோதரிக்கு இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இந்தப் பத்தியை மட்டுமாவது உங்கள் மஹல்லாவில் வாசித்துக் காட்டுங்கள்.

மூன்று, 2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டம். 18 முதல் 40 வயது வரை, வருமான வரி செலுத்தாதவர்கள் வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேரலாம். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 வரை உறுதி. 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய், 25 வயதில் 376, 30 வயதில் 577, 40 வயதில் 1,454. சந்தாதாரருக்குப் பின் துணைவருக்கு அதே தொகை. இருவருக்கும் பின் வாரிசுக்குச் சேர்ந்த தொகை. குறை என்னவென்றால் விலைவாசியோடு இது ஏறாது. 24 வயதில் சேர்பவர் 36 ஆண்டுகள் கழித்து 5,000 வாங்கும்போது, விலைவாசி 12 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பானால், அது இன்றைய 625 ரூபாய்க்குச் சமம். இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு இது மேல்.

இந்தத் திட்டங்களில் வட்டி கலந்திருக்கிறதே என்று தயங்கும் சகோதரர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தை மதிக்கிறோம். ஃபத்வா சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. உங்கள் ஊர் ஆலிம்களிடம் விவரத்தோடு கேளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்வோம். கூடாது என்று முடிவு செய்தால், கூடிய வழி ஒன்றை அன்றே தொடங்குங்கள். ஒரு சிறு கடை, வாடகைக்கு விடும் ஓர் அறை, கொஞ்சம் தங்கம், ஏதாவது ஒன்று. தயக்கத்தைச் சாக்காக வைத்து வெறுங்கையோடு 60 வயதை அடைந்தால், சுமை பிள்ளைகள் தலையில்தான் விழும்.

நம் பள்ளிவாசல் என்ன செய்கிறது?

அரசைக் கேள்வி கேட்டோம், சந்தையையும் கேட்டோம். இனி எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் பி.எஃப். சட்டம் கட்டாயம். பள்ளிவாசலும் மதரஸாவும் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. இமாமுக்கும் மோதினாருக்கும் மாதச் சம்பளம் தருகிறோம். ரமலானில் அன்பளிப்பு தருகிறோம். வயதானதும் சலாம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். நம் அறக்கட்டளையும் இத்தனை ஆண்டுகள் இதைத்தான் செய்தது. சட்டம் கேட்கவில்லை என்பதால் நாங்களும் நினைக்கவில்லை. தனியார் முதலாளியைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அரசு தரப்பில் நீண்ட காலம் சேவை செய்த உலமாக்களுக்கு வக்ஃபு வாரியம் மூலம் ஓய்வூதியம் இருக்கிறது. உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் வேறு உதவிகளும் உண்டு. எத்தனை ஜமாஅத்துகள் தங்கள் மோதினாருக்கு இதற்கான சேவைச் சான்றிதழை முறையாக எழுதிக் கொடுத்திருக்கின்றன? பல இடங்களில் நியமனக் கடிதமே கிடையாது. அது இல்லாததால் சேவையை நிரூபிக்க முடியாமல் நிற்பவர்களை எங்களுக்குத் தெரியும்.

எனவே சென்ற நிர்வாகக் கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுத்தோம். அறக்கட்டளையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதியோடு நியமனக் கடிதம். 40 வயதுக்கு உட்பட்டவர்கள் விரும்பினால் அடல் திட்டத்தில் சேர்த்து, சந்தாவை அறக்கட்டளையே கட்டுவது. விரும்பாதவர்களுக்கும் 40 கடந்தவர்களுக்கும் சம்பளத்தில் 10 சதவீதம் தனிக் கணக்கில் எடுத்து வைப்பது. அறக்கட்டளைக்கு வரும் கடை வாடகையில் ஒரு கடையின் வாடகையை, ஓய்வு பெறும் மோதினாரின் ஆயுள் உள்ளவரை அவருக்கே ஒதுக்குவது. மூன்றாவது முடிவுக்குக் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. "இப்படி ஆளுக்கொரு கடை கொடுத்தால் அறக்கட்டளை என்னாவது?" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். நிதித்துறையினர் 2003-இல் கேட்ட அதே கேள்வி! அது நியாயமான கேள்விதான். அதனால்தான் இனி சேர்பவர்களுக்கு முதல் மாதத்திலிருந்தே எடுத்து வைக்கிறோம். ஆனால் 24 ஆண்டுகள் எடுத்து வைக்காமல் விட்டது எங்கள் தவறு. அதற்கான விலையை மோதினார் கொடுக்கக் கூடாது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மற்ற ஜமாஅத்துகளும் இதை யோசிக்க வேண்டுகிறோம். பெரிய தொகை தேவையில்லை. இன்று ஒரு நியமனக் கடிதம் எழுதுங்கள், அதுவே தொடக்கம்.

முதியோர் உதவித்தொகை, பி.எஃப். விதவை ஓய்வூதியம், உலமா ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், இருந்தால் பி.எஃப். எண், இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு நம் அலுவலகத்துக்கு வரலாம். எந்தச் சமுதாயத்தினராக இருந்தாலும் விண்ணப்பம் எழுதித் தருகிறோம். கட்டணம் இல்லை.

உழைத்த கைகள் முதுமையில் யாரிடமும் நீளாதபடி பார்த்துக்கொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்,
நிர்வாகக் குழுவுக்காக